காது ஜவ்வு ஒட்டிக்கொண்ட கதை: திருச்சி இஎன்டி மருத்துவமனை ஒன்றுக்கு என் மதிப்பெண்

இடம் திருச்சி, தில்லை நகர்ப் பக்கம். தனியார் இஎன்டி மருத்துவமனை ஒன்றில் என் வலது காது ஜவ்வை ஒட்டவைத்துக்கொண்டேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்கு 5-க்கு 4.5. காது கேட்கிறதா என்று சோதிக்கும் ஆடியோ அறைக்கு 5-க்கு 5. பில் போடுகிற இடத்துக்கு 2. வரவேற்பு மேசைக்கு 1, அதுவும் அந்தப் பெண் சிரித்த முகமாக இருந்ததற்காக. குறைகளையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தாக வேண்டிய அவசியமும் இல்லை. டாக்டரின் பட்டங்கள் போர்டில் எத்தனை வரி ஓடினாலும் சரி, மைக்ரோஸ்கோப் எந்த நாட்டிலிருந்து இறங்கியிருந்தாலும் சரி, ஆடியோ அறை ஒழுங்காக இல்லாத இடத்தில் காதைக் கொடுக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

மண்ணச்சநல்லூரில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை போன்தான், எல்லாம் இடது காதில். வலது காதில் சின்ன வயதிலிருந்தே சளி பிடித்தால் சீழ் வடியும். எங்கள் தெருவில் பெருவளை வாய்க்காலில் குதித்து வளர்ந்த பையன்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை உண்டு. அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக விடுவார். மருந்துக் கடையில் கேட்டால் ஏதோ ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள். ஒரு வாரம் நிற்கும், மறுபடி வரும். வலி இருக்காது. வலி இல்லாத சீழை நம் ஊரில் யாரும் நோயாக மதிப்பதில்லை.

கேட்பது குறைகிறது என்று வீட்டில் சொல்ல ஆரம்பித்தபோது, இலவசக் காது பரிசோதனை என்று பேனர் கட்டியிருந்த ஒரு கடைக்கு முதலில் போனேன். காது மெஷின் விற்கிற கடை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓட, தெருக்கதவு திறந்தபடி இருக்க, ஹெட்போனை மாட்டிக் கொஞ்ச நேரம் பீப் சத்தம் வைத்தார்கள். உடனே தீர்ப்பு: "நரம்பு வீக் சார், மெஷின் போட்டுடுங்க." காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. விலைப்பட்டியல் மட்டும் தயாராக இருந்தது. இந்தக் கடையை ஞாபகத்தில் வையுங்கள், கணக்கு நேராக வேண்டுமானால் தேவைப்படும்.

இப்போது மருத்துவமனை. உள்ளே நுழைந்ததும் முதல் கோளாறு. காத்திருக்கும் கூடத்தில் முப்பது நாற்பது பேர், அதில் பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது. அதற்காகத்தானே வந்திருக்கிறார்கள்! ஆனால் டோக்கன் எண் காட்டும் போர்டு கிடையாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் ஒரே ஒரு தடவை பெயர் சொல்கிறார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. எனக்குப் பக்கத்தில் துறையூரிலிருந்து வந்த ஒரு பாட்டி. துணைக்கு வந்த பேரன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாட்டி அசையவில்லை, அடுத்த ஆளை அனுப்பிவிட்டார்கள். பேரன் வந்து கேட்டால், "கூப்பிட்டோமே, வரலையே" என்று பதில். பாட்டி என்னைப் பார்த்து, "தம்பி, எம்பேரு சொன்னாங்களா?" என்றார். நான் உட்கார்ந்திருந்ததோ வலது காதைக் கண்ணாடிப் பக்கம் காட்டிக்கொண்டு! ஒரு எண் போர்டு மாட்ட என்ன ஆகிவிடும்? ரேஷன் கடையில் கூட எழுதிப் போடுகிறார்கள்.

சரி, டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுகிறவர். விளக்கடித்துப் பார்த்ததும், "உள்ள காளான் பிடிச்சிருக்கு. நனைஞ்ச பேப்பர் மாதிரி, கறுப்புப் புள்ளியோட தெரியுது. இதுக்கு முன்னாடி எண்ணெய் விட்டீங்களா?" என்று கேட்டார். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் காதில் பூஞ்சை சுகமாக வளருமாம். அப்புறம் சின்னக் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தார். இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சத்தம் பயங்கரமாக இருக்கும், சிலருக்கு ஒரு நிமிடம் தலை கிறுகிறுவென்று சுற்றும். உள்காதுக்கு அந்தக் குளிர்காற்று படுவதால் வருகிற சுற்றல் அது, தானாக நின்றுவிடும். அவர் சொல்லிவிட்டுச் செய்தார். சொல்லாமல் செய்திருந்தால் நான் நாற்காலியை விட்டு ஓடியிருப்பேன்.

சுத்தம் செய்த பிறகு திரையில் காட்டினார். ஜவ்வின் முன்பக்கத்தில் நல்ல பெரிய ஓட்டை. மருத்துவத்தில் செவிப்பறை, நாம் சொல்வது ஜவ்வு. மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். சத்தத்தை வாங்கும் ஜவ்வின் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். கடைசி எலும்பான அங்கவடியின் அடித்தட்டு 3 சதுர மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தம் இத்தனூண்டு இடத்தில் போய் விழுவதால் சுமார் 17 மடங்கு கூடுகிறது. ஜவ்வில் ஓட்டை விழுந்தால் அந்தப் பெருக்கல் போச்சு. பெருக்கல் கணக்கு என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காதுக்குத்தானே வந்தோம் என்று எழுந்தேன், உட்காரச் சொல்லி மூக்கைப் பார்த்தார். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, பத்து நிமிடம் கழித்து மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டார். மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுக்காதுக்கும் ஒரு குழாய் போகிறது. மூக்கு ஒழுகி வீங்கிக் கிடந்தால் அந்தக் குழாய் அடைக்கும், ஒட்டின ஜவ்வு நிற்காது. எனக்குத் தவிட்டுத் தூசி அலர்ஜி. நாள் முழுக்க மண்டியில் உட்கார்ந்தால் வராமல் எங்கே போகும்? மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்து, அடிக்கும் விதத்தையும் காட்டினார். வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடிக்க வேண்டும். முனை நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்துக்கொண்டே இருந்தால் மூக்கில் ரத்தம் வரும். பலமாக உறிஞ்சவும் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இந்த ஸ்ப்ரேயை வருடக்கணக்காக அடிக்கிற என் மைத்துனருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு எழுதிக் கொடுத்த இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் ஆடியோ அறைக்கு அனுப்பினார். மாடிப்படி ஓரத்தில், குளிர்சாதனப் பெட்டிக் கதவு போலத் தடிமனான கதவோடு ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. கதவைச் சாத்தியதும் தில்லை நகர் போக்குவரத்துச் சத்தம் மொத்தமும் நின்றுவிட்டது, என் மூச்சு எனக்கே கேட்டது. சோதனை செய்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "சார், நீங்க என் கையைப் பாக்கக் கூடாது. நான் பட்டனைத் தொடுறது தெரிஞ்சா நீங்களும் அமுக்கிடுவீங்க" என்றார். வலது காதுக்குச் சிவப்பு ஹெட்போன், இடதுக்கு நீலம். சத்தம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கேட்டால் அமுக்க வேண்டும். இடையிடையே எதுவும் வைக்காமல் சும்மா விட்டும் பார்த்தார். 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஆரம்பித்து மேலே போய், கீழே வந்து, மறுபடி 1000-க்கே திரும்பினார். முதலில் வந்த எண்ணே திரும்ப வருகிறதா என்று பார்ப்பதற்காம். பேரேட்டில் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கிற ஆளாக எனக்கு அந்த இடத்திலேயே அவர்மீது மதிப்பு வந்துவிட்டது.

அது முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னப் பெட்டியை அழுத்தமாக மாட்டினார். அதிர்வு ஜவ்வைத் தொடாமல் எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகும். அதே நேரத்தில் நல்ல காதில் "ஷ்ஷ்ஷ்" என்று மழைச் சத்தம் மாதிரி ஒன்றை ஓடவிட்டார். மண்டை எலும்பில் வைக்கிற அதிர்வு இரண்டு காதுக்கும் போய்விடும், நல்ல காது கேட்டதைக் கெட்ட காதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது, அதற்காக நல்ல காதை வேறு சத்தத்தில் மும்முரமாக வைத்திருக்கிறார்கள். பேனர் கட்டிய கடையில் எலும்பு வழிச் சோதனையும் இல்லை, இந்த ஷ்ஷ்ஷும் இல்லை.

ஆடியோகிராம் என்கிற அந்தச் சோதனைத் தாளைக் கையில் கொடுத்து விளக்கினார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு நஷ்டம். என் வலது காதில் காற்று வழிக் கோடு 45 டெசிபலில் கிடந்தது. எலும்பு வழிக் கோடு 10-இல், அதாவது நல்ல நிலையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் 35. "இந்த இடைவெளிதான் சார், ஆபரேஷன்ல திரும்பக் கிடைக்கக்கூடியது. எலும்புக் கோடே கீழே இருந்திருந்தா நரம்பு. அதுக்கு ஜவ்வை ஒட்டினாலும் பிரயோஜனம் இல்லை." நரம்பு வீக் என்று மெஷின் தலையில் கட்டப் பார்த்தார்களே, அந்தத் தீர்ப்பு இந்த ஒரு தாளில் அடிபட்டுப் போனது. எலும்பு வழி சோதிக்காமல் நரம்பா ஜவ்வா என்று சொல்ல யாராலும் முடியாது. சோதனை தப்பானால், அறுக்க வேண்டியவருக்கு மெஷின் விற்பார்கள், மெஷின் வேண்டியவரை அறுப்பார்கள். அறையும், கதவும், அந்தப் பெண்ணின் பொறுமையும் சேர்ந்துதான் என் சிகிச்சையையே முடிவு செய்தன.

தாளை மடிக்கப்போனபோது, "சத்தமான இடத்துல வேலை பாக்குறீங்களா சார்?" என்று கேட்டார். நான் மில் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம். நாள்பட்ட இரைச்சல் முதலில் தோண்டுவது அந்த இடத்தைத்தானாம். 85 டெசிபலுக்கு மேல் தினம் 8 மணி நேரம் என்றாலே காதுக்கு ஆபத்து. மண்டிக்குப் பின்சுவரில் மில் ஓடுகிறது, நாங்கள் கத்தித்தான் பேசுவோம். இந்தப் பள்ளம் எந்த ஆபரேஷனிலும் திரும்பாது என்பதையும் முகத்துக்கு நேராகச் சொன்னார். 5-க்கு 5 போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாக்டரிடம் திரும்பியதும் அவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார். சத்தம் வலது காதில் பலமாகக் கேட்டது, கெட்ட காதில்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடத்தும் வழியில் அடைப்போ ஓட்டையோ இருந்தால் அப்படித்தான் கேட்குமாம், நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதில்தான் பலமாகக் கேட்கும். சோதனை அறை சொன்னதை ஒரு இரும்புக் கவையால் சரிபார்த்துக்கொண்டார்.

உடனே தேதி கேட்டேன். தரவில்லை. காது முதலில் காய வேண்டும், மூக்கு அடங்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி அடைத்துக்கொள்ள வேண்டும், பட்ஸ் கூடாது, எண்ணெய் அறவே கூடாது. சில மாதங்கள் அப்படி ஓடின. காய்ந்த காதோடு போனபோது ஆடியோகிராமை மறுபடி எடுத்த பிறகுதான் தேதி கொடுத்தார். காசுக்காக அவசரப்படுத்தவில்லை. அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்பது பின்னால் வரும்.

ஆபரேஷன் பற்றி அவர் மறைக்காமல் சொன்னது: பத்தில் ஒன்பது பேருக்குப் பிடித்துக்கொள்ளும், ஒருவருக்குப் பிடிக்காமல் போகலாம். சிகரெட் பிடித்தால் வாய்ப்பு இன்னும் குறையும். சீழ் நிற்பது முதல் லாபம், கேட்பது கூடுவது இரண்டாவது லாபம். நாக்கின் ருசி நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது, அது உரசினால் கொஞ்ச நாள் ருசி மாறும். முகத்தை அசைக்கும் நரம்பும் அருகில்தான் ஓடுகிறது, அது பாதிக்கப்படுவது மிக அபூர்வம், ஆனாலும் சொல்லியாக வேண்டும் என்று சொன்னார். வாசல் போர்டில் எண்டோஸ்கோப் தையலில்லா சிகிச்சை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே என்று கேட்டேன். "உங்களுக்கு மைக்ரோஸ்கோப்தான். ரெண்டு கையும் எனக்கு ஃப்ரீயா வேணும்" என்றார். எண்டோஸ்கோப் என்பது மெல்லிய குழாய்க் கேமரா, ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் காதுக்குப் பின்னால் வெட்டு இல்லை என்பது வசதிதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே வழி இல்லை. போர்டில் விற்பதை உள்ளே திணிக்காத டாக்டர் என்பதில் எனக்குத் திருப்தி.

எனக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, லேசாகத் தூக்கம் வரும் மருந்து கொடுத்துச் செய்தார்கள். காதைச் சுற்றிப் போடுகிற ஊசிகள்தான் வலி, அதன் பிறகு வலி இல்லை, சத்தம்தான். துணிக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுரண்டலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். காதுக்கு மேலே பொட்டுச் சதையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, காயவைத்து விறைப்பாக்கி, ஜவ்வின் உள்பக்கமாக ஒட்டு வைக்கிறார்கள். கரைந்துவிடும் பஞ்சால் முட்டுக் கொடுக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் போல ஆகியிருக்கும். முடிக்கிற சமயத்தில் டாக்டர் குனிந்து "கேக்குதாங்க?" என்றார். அவர் குரலைவிட, அதுவரை கேட்காத மானிட்டரின் டிக் டிக் சத்தம் வலது பக்கத்தில் கேட்டது. அப்புறம் பஞ்சு வைத்து அடைத்ததும் மறுபடி ஒன்றும் இல்லை. வீட்டில் படுத்துக் கிடந்தபோது இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இருவர் 1950-களில் இந்த முறைக்கு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். கார்ல் சைஸ் (Zeiss) கம்பெனியின் அறுவை மைக்ரோஸ்கோப் 1953-இல் வந்ததும் அதே காலம்தான்.

தலையைச் சுற்றிப் பெரிய கட்டுப் போட்டார்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டின்மேல் கண்ணாடி நிற்காது. எனக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பவர் முகமே தெரியாது. வலது தண்டைக் கட்டுத் துணிக்குள் சொருகி, நூல் கட்டித் தொங்கவிட்டுச் சமாளித்தோம். என் மனைவி, "என்னங்க, இதை முன்னாடியே சொல்லியிருந்தா பழைய கண்ணாடியோட ஒரு பக்கத் தண்டைக் கழட்டி எடுத்துட்டு வந்திருப்பேனே" என்றார். நியாயமான பேச்சு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அறிவுரைத் தாளில் கண்ணாடி பற்றி எதுவும் இல்லை. அந்தத் தாள் முழுக்க ஆங்கிலம். அரை மதிப்பெண் போனது இங்கேதான். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூட்டை தூக்கக் கூடாது, காதில் தண்ணீர் படக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை விமானம் ஏறக் கூடாது. ஒட்டு நிற்பதும் நழுவுவதும் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. அதைத் துறையூர்ப் பாட்டியின் கையில் ஆங்கிலத்தில் கொடுத்தால் என்ன பயன்? திருச்சியில் தமிழில் அச்சடிக்க ஆளா இல்லை?

பின்விளைவுகளில் டாக்டர் சொன்னபடி ருசி மாறியது. சில வாரம் காபியில் இரும்பு வாடை, நாக்கின் வலது ஓரத்தில் மட்டும். பிறகு போய்விட்டது. காது மடலின் மேல்பகுதி மரத்துக் கிடந்தது. தலை வாரும்போது சீப்பு பட்டால் யாரோ ஒருவர் காதில் படுகிற மாதிரி இருக்கும். அது திரும்ப மாதக்கணக்கில் ஆகிறது, இன்னும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். தையல் பிரித்த செவிலியருக்குக் கை ரொம்ப இதம், அவர் பெயர் தெரியாததால் இங்கேயே நன்றி.

மூன்று மாதம் கழித்து அதே அறை, அதே பெண், அதே திருப்பிப் போட்ட நாற்காலி. காற்று வழிக் கோடு 45-இலிருந்து 20-க்கு ஏறியிருந்தது. முழுசாக மூடவில்லை, 10 டெசிபல் இடைவெளி நிற்கிறது, 4000-இல் பள்ளமும் அப்படியே. ஆனால் சீழ் இல்லை. சளி பிடித்தும் வரவில்லை. மண்டியில் வலது பக்கம் நிற்கிற லோடுமேன் பேசினால் நாற்காலியைத் திருப்பாமல் பதில் சொல்கிறேன். மில் பக்கம் போனால் காதை மூடுகிற மஃப் போட்டுக்கொள்கிறேன், பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இனி பில். முதலில் பேக்கேஜ் 55,000 என்றார்கள், கடைசியில் 68,000 ஆனது. நடுவில் முளைத்தவை: டிஸ்போசபிள், கூடுதல் மருந்து, அறை வாடகைக்கு மேல் ஏதோ ஒரு சேவைக் கட்டணம். எதற்கு எவ்வளவு என்று கேட்டதும் முகம் மாறியது. கணக்கு எழுதுகிறவனிடம் மொத்தமாக ஒரு தொகையைக் காட்டினால் விடுவேனா? வரிவரியாக எழுதி வாங்கினேன். அப்படிக் கேட்டதில் இரண்டு மூன்று அயிட்டங்கள் காணாமல் போய்த்தான் 68,000-க்கு வந்தது. இன்சூரன்ஸ் ஒப்புதல் வரும் வரை தலைக்கட்டோடு சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். அது இன்சூரன்ஸ் கம்பெனியின் தாமதம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் காலையிலேயே காகிதத்தை அனுப்பியிருக்கலாமே.

அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் புத்தூர் அரசு மருத்துவமனையை, அதாவது மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை, விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கூட்டத்தில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தை இருந்தால் இன்னும் வேகமாக ஓடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்கிறார்கள். கேட்டுப் பேசப் பழகுகிற மூளையின் வயது காத்திருக்காது. ஒன்றிரண்டு வயதிலேயே செய்துவிடுவது நல்லது என்று ஆடியோ அறைப் பெண் ஒரு தாயிடம் மன்றாடாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

என் மாமனாரையும் அதே அறைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு இரண்டு கோடுகளும் ஒன்றாகச் சேர்ந்து, மேல் அலைவரிசையில் சரிந்து கிடந்தன. வயதுக் கோளாறு, நரம்பு, ஆபரேஷன் கிடையாது. "ஆ", "ஓ" எல்லாம் கேட்கும், மெல்லிய மெய்யெழுத்துகள் நழுவிவிடும். கடை என்றால் சடையா, தடையா என்று கேட்பார். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று அவர் சொல்வது இதுதான். மெஷினைச் சில நாள் வீட்டுக்குக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிடித்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். விலையைச் சொன்னதும் மாமனாருக்குத் திடீரென்று எல்லாம் தெளிவாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது, அது வேறு கதை. கடைசியில் வாங்கினோம். டிவி பார்க்கும்போது மட்டும் மாட்டுகிறார்.

போகிறவர்களுக்குச் சில தகவல். டாக்டர் ராத்திரி 9 வரை இருப்பார், ஆனால் ஆடியோ அறை மாலை 6-க்கே மூடிவிடும், ஞாயிறு கிடையாது. அதனால் காலையில் போங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கென்று இன்னொரு நாள் அலைய வேண்டும். பழைய ஆடியோகிராம் இருந்தால், எவ்வளவு மோசமான இடத்தில் எடுத்ததாக இருந்தாலும், கையோடு கொண்டுபோங்கள். காது சரியாகக் கேட்காதவரைத் தனியாக அனுப்பாதீர்கள், துணைக்குப் போகிறவர் டீ குடிக்க வெளியே போகாதீர்கள். மருந்துகளை அவர்கள் கடையிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பைக் நிறுத்த இடம் கிடையாது, எங்கள் பக்கத்துக்காரர்கள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போய்விடுங்கள்.